கோத்தகிரி ஃபேக்டரிக்காரர்: அவரைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

#1 ஹட்டிப்பையன்

கோத்தகிரிப் பக்கம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி நடத்திய பெரியவர் போன மாதம் காலமானார். பெயர் போட வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே பாதிப் பேருக்கு யாரென்று தெரியும். மற்றவர்களுக்கு அவர் ஃபேக்டரிக்காரராகவே இருக்கட்டும். எங்கள் ஹட்டியிலும், அதாவது எங்கள் படகர் ஊரிலும், அப்படித்தான் சொல்வோம்.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். பழைய ஜீப், ரப்பர் செருப்பு, தொழிலாளியோடு உட்கார்ந்து சாப்பிடுவார், கோடிக்கணக்கில் இருந்தும் தலைக்கனம் கிடையாது. பொய் இல்லை. ஆனால் செருப்பைப் பற்றிக் கேட்கவா இத்தனை பேர் மலையேறி வந்தோம் என்று இருந்தது எனக்கு.

என் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. அப்போதெல்லாம் இலை ஏஜென்ட் வண்டி சாயங்காலம் இருட்டும் நேரத்தில் வரும். மழையில் நனைந்தபடி தொங்கு தராசில் சாக்கைப் போடுவார்கள். முள் நிற்பதற்குள் இறக்கிவிடுவார்கள். ஏஜென்ட் தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொள்வார். ஈரத்துக்கு இவ்வளவு கழிவு, சாக்குக்கு இவ்வளவு கழிவு என்பதெல்லாம் அவர் வாயில் வருவதுதான். மாதக் கடைசியில் கிடைத்த பணத்தை வாங்கிக்கொண்டு வர வேண்டும். கேள்வி கேட்டால் அடுத்த நாள் வண்டி நம் மேட்டில் நிற்காது.

ஃபேக்டரிக்காரர் தன் ஏஜென்ட்டுகளிடம் சீட்டுப் புத்தகம் கொடுத்தார். மொத்த எடை, சாக்கு, ஈரக் கழிவு, நிகர எடை என்று நாலு கட்டம். கார்பன் வைத்து எழுதி, ஒன்று விவசாயிக்கு. சீட்டு இல்லாத இலைக்கு ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார். அது போதும், சீட்டு தானாக வந்தது. ஃபேக்டரி வாசலில் ஒரு கரும்பலகை. போன வாரம் குன்னூர் ஏலத்தில் தன் தூள் சராசரியாக என்ன விலைக்குப் போனது என்று சாக்பீஸால் எழுதி வைப்பார். தூள் விலை தெரிந்தால் இலைக்கு என்ன கொடுக்கலாம் என்று யாரும் கணக்குப் போட்டுவிடலாம். தன் லாபத்தை வாசலில் எழுதிப் போடுகிற வியாபாரியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அப்பா நாலாம் வகுப்பு. அந்தச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்து, மாதக் கடைசியில் என்னைக் கூட்டிப் போடச் சொல்வார். அப்புறம் ரேஷன் கடையிலும் சீட்டு கேட்டார், சொசைட்டியிலும் கேட்டார், என் பள்ளிக்கூடத்திலும் கேட்டார். ஊரில் 'ரசீது கவுடர்' என்றே கேலி செய்தார்கள். இன்றைக்கு நான் பெங்களூரில் எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்றால் அதற்கு வேர் அந்தக் கம்பிதான்.

உங்கள் கதையில் அவர் எங்கே வருகிறார் என்று எழுதுங்கள். 'மாமனிதர்' வேண்டாம்.

#2 ஓய்வுபெற்ற டீமேக்கர்

தம்பி, நான் அங்கே டீமேக்கராக, அதாவது இலையைத் தூளாக்கும் வேலையைப் பார்த்துக்கொள்கிறவனாக இருந்தவன். அதற்கு முன்னால் வேறொரு ஃபேக்டரியில் வேலை. அங்கே கழிவுத்தூளைச் சலித்துத் திரும்ப நல்ல தூளோடு சேர்க்கச் சொல்வார்கள். சட்டப்படி ஃபேக்டரியில் விழும் கழிவைக் குடிக்க ஆகாதபடி கெடுத்து, கணக்குக் காட்டி வெளியே அனுப்ப வேண்டும். 1959-லிருந்து தேயிலைக் கழிவுக்கென்றே கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. இருந்தும் கழிவு எங்கே போகிறது, சாயம் ஏறி எந்த ஊர் டீக்கடையில் இறங்குகிறது என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஃபேக்டரிக்காரர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "கழிவை என்ன செய்வீங்க?" நான் பழைய இடத்து வழக்கத்தைச் சொன்னேன். கோபப்படவில்லை. கழிவுப் பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்து, "இதுல தினமும் உங்க கையெழுத்து இருக்கணும், என் கையெழுத்து இல்ல" என்றார். என் பெயரில் பொய் எழுத எனக்கே கூச்சமாக இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். சரியான கணக்கு.

இரவு ஷிப்டில் வருவார். இலையைக் காற்றில் வாட வைக்கும் வாடல் தொட்டியில் கையை விட்டு இலையைப் புரட்டி, ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்ப்பார். பந்து போல நின்றால் வாடல் போதும், விரிந்துவிட்டால் இன்னும் காற்று வேண்டும். நான் சொல்லிக் கொடுத்ததுதான் அது. கற்றுக்கொண்ட பிறகும் "நீங்க பாருங்க, மேக்கரே" என்று என்னிடம்தான் விடுவார். முதலாளி தனக்குத் தெரிந்ததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. என் மகன்களிடம் எனக்கே அது வருவதில்லை.

#3 கண்டக்டர் மகன்

அப்பா குன்னூர்–கோத்தகிரி ரூட்டில் கண்டக்டர். ஏல நாளில் ஃபேக்டரிக்காரர் அரசு பஸ்ஸில்தான் குன்னூர் போவார். ஜீப் ஷெட்டில் நிற்கும். இவ்வளவு பெரிய ஆள் நம்மோடு நின்றுகொண்டு வருகிறாரே என்று ஜனங்களுக்கு ஆச்சரியம்.

அப்பா வேறு மாதிரி சொல்வார். "அந்த ஆளு சும்மா பஸ்ல வரல. எந்த ஹட்டியில கவாத்து முடிஞ்சுது, எந்த ஏஜென்ட் யாருக்கு மாறிட்டான், எந்த ஃபேக்டரி இன்னும் பணம் பட்டுவாடா பண்ணல, எல்லாம் கட்டபெட்டு வர்றதுக்குள்ள காதுல விழுந்துரும். பத்திரிகைக்காரனுக்குக் கூட அவ்வளவு சேதி வராது."

இதைக் குறையாகச் சொல்லவில்லை. எளிமையும் வியாபாரமும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன, பிரித்துப் பார்க்க முடியாது. நாம் எளிமையை மட்டும் எடுத்துப் பூசையறையில் வைக்கிறோம். ஜீப்பில் போயிருந்தால் அவருக்குத்தான் நஷ்டம்.

#4 கடல் தாண்டியவன்

நல்ல இழை. இப்படிப்பட்டவர்கள் உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள். விமான நிலைய வரியில்லாக் கடைகளில் பணம் குவித்த சக் ஃபீனி என்ற அமெரிக்கர், 800 கோடி டாலருக்கும் மேல் தானம் கொடுத்துவிட்டு, சான் பிரான்சிஸ்கோவில் வாடகை வீட்டில், கையில் மலிவு பிளாஸ்டிக் கடிகாரத்தோடு வாழ்ந்து 2023-ல் இறந்தார். 1982-ல் தொடங்கிய அறக்கட்டளை அவருடையது என்பதே 1997 வரை வெளியே தெரியாது. ஐகியா நிறுவனர் இங்வார் காம்ப்ராட் பழைய வோல்வோ காரை ஓட்டிக்கொண்டு, விமானத்தில் சாதாரண வகுப்பில் போனவர். ஃபேக்டரிக்காரரையும் அந்த வரிசையில் வைக்கலாம்.

#5 சோலூர்மட்டம்

காம்ப்ராட்டை உதாரணம் காட்டினால் முழுக் கதையையும் சொல்லுங்கள். ஸ்வீடன் நாட்டு வரி தாங்கவில்லை என்று 1973-ல் டென்மார்க்குக்கும் அப்புறம் சுவிட்சர்லாந்துக்கும் குடிபோனவர். விமான டிக்கெட்டில் மிச்சம் பிடித்தவர் வரியிலும் மிச்சம் பிடித்தார். பழைய கார் ஓட்டுவது ஒருவருடைய குணத்துக்கு அத்தாட்சி ஆகாது.

நம் ஆளுக்கு வருகிறேன். இங்கே எல்லோரும் சீட்டு, கரும்பலகை என்று உருகுகிறீர்கள். எங்கள் அம்மா முதுகில் சுமந்து கொண்டு போன இலைச்சாக்கை அந்த ஃபேக்டரி வாசலில் திருப்பி அனுப்பினார்கள். முற்றின இலை, பாஞ்சி (வளர்ச்சி நின்றுபோன கொழுந்து) அதிகம், எடுக்க முடியாது. மழை வேறு. அந்தச் சாக்கை அம்மா வேறொரு ஏஜென்ட்டிடம் அடிமாட்டு விலைக்குப் போட்டுவிட்டு வந்தார். 1999, 2000 சமயம் அது. நம் தூளை வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியன் உடைந்ததிலிருந்தே ஆட்டம் கண்ட சந்தை, அப்போது முழுசாகச் சரிந்தது. கிலோ இலைக்கு ஐந்து ரூபாய் கூடக் கிடைக்காத நாட்கள். மறியலும் உண்ணாவிரதமுமாக மலையே கொதித்தது. அந்த நேரத்தில் 'தரம் வேண்டும்' என்று பாடம் நடத்துகிறவரை எளிமையானவர் என்று எப்படிச் சொல்ல?

இரண்டு இலை ஒரு மொட்டு என்று கையால் கிள்ளினால் ஒரு ஆள் ஒரு நாளில் எடுக்கும் எடை, கத்தரி போட்டு வெட்டினால் எடுக்கும் எடையில் பாதிகூட வராது. நல்ல இலைக்கு அவர் கூடக் கொடுத்தது சில்லறைக் காசு. அது கூலிக்கே காணாது. சொந்தக் கையால் பறிக்கும் குடும்பத்துக்குத்தான் அவருடைய தரம் கட்டுப்படியாகும். ஆள் வைத்துப் பறிப்பவனுக்கு நஷ்டம்.

#6 ஓய்வுபெற்ற டீமேக்கர்

சோலூர்மட்டம், உங்கள் அம்மாவின் வருத்தம் நியாயம். ஆனால் ஃபேக்டரிக்கு உள்ளே நின்று பார்த்தவனாகச் சொல்கிறேன். முற்றின இலையில் நார்தான் மிச்சம். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி ரோலரில் போட்டால் பல் தேயும், தூளில் நார் மிதக்கும், கப்பில் நிறம் இறங்காது. குன்னூரில் சுவை பார்க்கிறவர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த லாட் விற்காமல் திரும்பி வந்தால் அடுத்த வார இலைக்குப் பணம் ஏது? நீலகிரித் தூள் என்றாலே மட்டமான தூள் என்று வெளிச்சந்தையில் பெயர் கெட்டதற்கு ரஷ்யா மட்டும் காரணம் இல்லை. விலை ஏறி நின்ற காலத்தில் நாமே கத்தரியால் வெட்டிக் கொட்டினோம், ஃபேக்டரிகளும் போட்டி போட்டு எடுத்தன. 2000-ல் தேயிலை வாரியம் தர மேம்பாட்டுத் திட்டம் என்று ஊர் ஊராக வந்தது ஏன் என்று நினைக்கிறீர்கள்?

#7 சோலூர்மட்டம்

ஐயா, நீங்கள் சொல்வது தூளுக்குச் சரி. நான் பேசுவது பணத்தைப் பற்றி.

கணக்கையே போடுவோம். ஒரு கிலோ தூளுக்கு நாலு முதல் நாலரை கிலோ இலை வேண்டும், நாலேகால் என்று வைத்துக்கொள்ளலாம். தூள் 100 ரூபாய்க்குப் போனால், இன்றைய விலைப்பங்கீட்டின்படி நூற்றுக்கு 65 விவசாயிக்கு, 35 ஃபேக்டரிக்கு. 65-ஐ நாலேகாலால் வகுத்தால் கிலோ இலைக்கு 15 ரூபாய் சொச்சம். இந்த முறை வந்ததே 2003 சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் ஃபேக்டரி சொன்னதே விலை. உங்கள் கரும்பலகைக்காரர் அந்தக் காலத்தில் நூற்றுக்கு எத்தனை கொடுத்தார்? விலையை எழுதிப் போடுவது வேறு, பங்கைக் கொடுப்பது வேறு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#8 பேரேடு

தெரிந்தவள் நான். அவருடைய கணக்குப் புத்தகங்களைக் கல்லூரி விடுமுறைகளில் எழுதியிருக்கிறேன். இப்போது கோயம்புத்தூரில் ஆடிட்டர்.

எங்கள் குடும்பம், இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தத்தில் நுவரெலியாவிலிருந்து வந்தது. தாத்தா மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து மலைக்கு வந்தார். எங்களைப் போல் வந்தவர்கள் பலர் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். என் அப்பாவுக்கு ஃபேக்டரியில் டிரையர் வேலை கிடைத்தது. கற்பூர (யூகலிப்டஸ்) விறகை உலையில் தள்ளித் தள்ளி அவர் கைமுடி முழுக்கக் கருகியிருக்கும்.

முதலில் சோலூர்மட்டம் அண்ணாவின் கேள்விக்குப் பதில். நான் பார்த்த வருடங்களில் ஃபேக்டரிக்காரர் கொடுத்தது நூற்றுக்கு அறுபதுக்குக் கொஞ்சம் கீழேதான். மழைக்காலத்தில் இலை குவியும்போது இன்னும் இறங்கும். சில மாதங்களில் பக்கத்து ஃபேக்டரி அவரைவிட அதிகம் கொடுத்திருக்கிறது. ஆக, அவர் அள்ளிக் கொடுத்த வள்ளல் இல்லை. ஆனால் அவர் கொடுத்த விலை கழிவு போன பிறகு கைக்கு வரும் விலை. அதிகம் கொடுத்த இடத்தில் ஈரக் கழிவு, சாக்குக் கழிவு, ஏஜென்ட் கழிவு எல்லாம் போனால் என்ன மிஞ்சியது என்று எந்தக் காகிதமும் இல்லை. ஒப்பிட வழியே இல்லாத இரண்டு விலைகளை வைத்துக்கொண்டு ஊர் பேசியது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அப்பா என்னை ஃபேக்டரிக்குக் கூட்டிப் போனார். பி.காம் படிக்க உதவி கேட்கத்தான். எல்லோரும் நினைப்பது போல் "படிம்மா, செலவு என்னோடது" என்று அவர் சொல்லவில்லை. பாங்கில் கேட்பது போலக் கேட்டார். என்ன படிப்பு, எத்தனை வருடம், விடுதிக்கு எவ்வளவு, முடித்தால் என்ன சம்பளம் வரும். கடைசியில், "கடனாத் தர்றேன், வட்டி வேண்டாம். வேலைக்குப் போய் ஒரு வருஷம் கழிச்சுத் திருப்ப ஆரம்பிக்கணும். லீவுல வந்து கணக்கு எழுதணும், அதுக்குச் சம்பளம் தனி" என்றார். அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. திரும்பி நடக்கும்போது, இவ்வளவு சொத்து வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளையிடமா கடன் கணக்கு என்று முணுமுணுத்தார்.

முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ரசீது எழுதிக் கொடுத்தார். ஒரு பேச்சு கிடையாது, போட்டோ கிடையாது. எங்கள் லைன் வீடுகளில் வேறொரு தனவந்தர் உதவியில் படித்த பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் வீட்டு வாசலில் வரிசையில் நிற்க வேண்டும், பத்திரிகைக்காரர் வருவார். எனக்கு அந்த வரிசை இல்லை. நான் யாருக்கும் ஒரு பைசா பாக்கி இல்லாத ஆடிட்டர்.

புத்தகத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அவர் வீட்டுக்குப் போகும் தேயிலைத் தூளுக்கு மாதாமாதம் தனிப் பற்று எழுதியிருக்கும். ஏல விலைக்கே. உறவினர் கல்யாணத்துக்கு ஜீப் போனால் பெட்ரோல் அவர் சொந்தக் கணக்கில். தனியார் ஃபேக்டரி அது, அவருடைய சொத்து. யாரும் கேட்கப் போவதில்லை. நான் சிரித்துவிட்டேன், எதற்கு இது என்று. "ஃபேக்டரியில இருந்து நான் எடுத்தா மேஸ்திரி எடுப்பான், மேஸ்திரி எடுத்தா வாட்ச்மேன் எடுப்பான். எனக்கு எல்லாரையும் பிடிக்க நேரமில்ல" என்றார். தர்மம் என்றெல்லாம் பேசவே மாட்டார்.

குறையையும் எழுதுகிறேன். முன்கோபி. கூட்டல் தப்பினால் பேரேட்டை மேசையில் அறைவார். ஆபீசில் பெண்களை நிரந்தரமாக வைக்கக் கடைசி வரை சம்மதிக்கவில்லை. என்னைக்கூட 'லீவு பிள்ளை'யாகத்தான் வைத்திருந்தார். "சாயங்காலம் ஆனா கரடி, காட்டெருமை வர்ற ரோடு, பொம்பளப் பிள்ளைங்க போக முடியாது" என்பார். பறிக்கும் பெண்கள் அதே ரோட்டில் விடியற்காலையில் நடந்து வந்துகொண்டுதான் இருந்தார்கள். கேட்டேன். பதில் சொல்லவில்லை.

#9 கூடலூரான்

அக்கா, பி.எஃப் பிடித்தாரா? எங்கள் பக்கம் தொழிலாளி எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டித் தப்பிப்பார்கள்.

#10 பேரேடு

பிடித்தார். அப்பா ஓய்வுபெற்றதும் வந்த பணத்தில்தான் மேட்டுப்பாளையத்தில் ரெண்டு சென்ட் வாங்கினோம். தற்காலிக ஆட்கள் பெயர் பட்டியலில் வராமல் இருந்ததும் உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

#11 ஹட்டிப்பையன்

2009 நவம்பரைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். புதியவர்களுக்கு: கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை. மண் சரிந்து நீலகிரியில் நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையம் சாலைகள் எல்லாம் அறுந்து கிடந்தன. மலை ரயில் தண்டவாளமே காணோம்.

ஃபேக்டரிக்குக் கரண்டும் இல்லை, விறகும் நனைந்துவிட்டது. பறித்த இலை ஒரு ராத்திரி தாங்காது, சாக்கிலேயே சூடேறிச் சிவந்துவிடும். பறிக்காதீர்கள் என்று ஹட்டி ஹட்டியாக ஆள் அனுப்பினார். வாடல் தொட்டி இருக்கும் மாடியில் வீடு போனவர்களைப் படுக்க வைத்தார். நூறடி நீளத் தொட்டிகளில் இலைக்குப் பதில் பாயும் போர்வையும்.

பிறகு இலை கொடுக்கும் குடும்பங்களுக்கெல்லாம் முன்பணம். அப்பாவுக்கும் கிடைத்தது. வட்டி இல்லை, பிற்பாடு இலையில் கழித்துக்கொள்ளலாம் என்று.

#12 சோலூர்மட்டம்

அந்த முன்பணம்தான் கயிறு. முன்பணம் வாங்கியவன் அடுத்த ஃபேக்டரிக்கு இலை போட முடியாது. இந்த மலையில் தேயிலை விவசாயி கடனில் கட்டுண்டது எப்படி என்று நினைக்கிறீர்கள்? கந்துவட்டிக்காரன் வட்டி கேட்பான், ஃபேக்டரிக்காரன் இலை கேட்பான். என் மாமா ஒருவர் அப்படிப் பல வருடம் ஒரே வாசலில் நின்றார். இதே ஃபேக்டரி இல்லை, வேறு. ஆனால் முறை ஒன்றுதான்.

கூட்டுறவு ஃபேக்டரி வேண்டும் என்று நம் பெரியவர்கள் இண்ட்கோ ஆரம்பித்தது இதற்காகத்தான். இன்றைக்கும் 16 ஃபேக்டரி இருக்கிறது. விவசாயியே அங்கத்தினர். அங்கே யாருடைய நல்ல மனசையும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

#13 கண்டக்டர் மகன்

இண்ட்கோவில் பட்டுவாடா தாமதமாகி அங்கத்தினர்களே தனியார் ஏஜென்ட்டுக்கு இலை போட்ட கதை உங்களுக்குத் தெரியாதா அண்ணா? நல்ல மனசை நம்பக் கூடாது, சரி. பொதுச்சபையை நம்பலாமா?

#14 சோலூர்மட்டம்

பொதுச்சபையில் எழுந்து நின்று கேட்கலாம். முதலாளி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கேட்க வேண்டும். எளிமையான முதலாளி என்றாலும் அவர் முதலாளி. அவர் போன பிறகு அந்தக் கரும்பலகை என்ன ஆனது, அதைச் சொல்லுங்கள்.

#15 பேரேடு

முன்பணப் பதிவேடு நான் பார்த்தேன். வாங்கியவர்களில் சிலர் அடுத்த சீசனிலேயே வேறு ஃபேக்டரிக்கு மாறியிருக்கிறார்கள். அவர்கள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று மட்டும் எழுதியிருக்கும். ஆள் அனுப்பியதாகவோ வக்கீல் நோட்டீஸ் கொடுத்ததாகவோ எதுவும் இல்லை. பிற்பாடு அந்தத் தொகையை வாராக்கடனில் எழுதிவிட்டார். அதில் வருமான வரிச் சலுகையும் வாங்கிக்கொண்டார், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அண்ணா கேட்பார்.

மாற முடியாமல் தயங்கி நின்றவர்கள் எத்தனை பேர் என்று பதிவேட்டில் தெரியாது. அந்த இடத்தில் அண்ணா சொல்வதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

#16 நெறியாளர்

காம்ப்ராட், வரி, உலகப் பணக்காரர்கள் பற்றிய நாலு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். மாமாவுக்கு நடந்ததை எழுதும்போது எந்த ஃபேக்டரி என்று ஊகிக்க வேண்டாம். பெயர் கேட்டுத் தனிச்செய்தி அனுப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்தவும்.

#17 மேட்டுப்பாளையம் மண்டி

நான் உருளைக்கிழங்கு, பூண்டு வியாபாரி. தேயிலைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. ஃபேக்டரிக்காரருக்குக் கொஞ்சம் காய்கறி நிலமும் உண்டு, கேரட்டும் கிழங்கும் எங்கள் மண்டிக்கு வரும். மற்ற தோட்டக்காரர்கள் விலை குறைந்தால் சண்டை போடுவார்கள். இவர் போட மாட்டார். ஆனால் ஏலம் முடிந்து வாங்கினவன் என்ன விலைக்கு விற்றான் என்று கோவை மார்க்கெட்டில் விசாரித்துவிட்டு, அடுத்த முறை வரும்போது அந்த எண்ணை மட்டும் சொல்வார். "போன செவ்வா கேரட் அங்க இவ்வளவுக்குப் போயிருக்கே." அவ்வளவுதான். குற்றம் சாட்ட மாட்டார். என் அப்பாவுக்குக் கூசும். அவருடைய சரக்குக்குக் கமிஷன் எங்கள் வீட்டில் எப்போதும் சரியாகவே எடுக்கப்பட்டது. மற்றவர்கள் சரக்குக்கு எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை.

#18 ஓய்வுபெற்ற டீமேக்கர்

இதுதான் அவர். எண்ணைச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சோலூர்மட்டம் கேட்ட கரும்பலகை விஷயம். கடைசி சில வருடங்களில் அவருக்கு முடியவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். ஃபேக்டரியைக் குத்தகைக்கு விட்டாயிற்று. பலகை இருக்கிறது, விலை எழுதுவதில்லை. 'வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது' என்று பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். குத்தகைக்காரர் மோசமானவர் என்று சொல்ல மாட்டேன், தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் மாவட்டச் சராசரி விலையைக் கொடுக்கிறார். விறகு விலை, கரண்டு விலை, ஆள் கூலி எல்லாம் ஏறிக் கிடக்கும் காலத்தில் ஃபேக்டரியை ஓட்டுவதே பெரிது. சுற்றுவட்டாரத்தில் எத்தனை புகைக்கூண்டு அணைந்துவிட்டது என்று உங்களுக்கே தெரியும்.

#19 சோலூர்மட்டம்

சீட்டு?

#20 ஹட்டிப்பையன்

இப்போது போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது. தேதி, நிகர எடை, அவ்வளவுதான். மொத்த எடை இல்லை, ஈரக் கழிவு எவ்வளவு என்று இல்லை. அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, என்னைப் படிக்கச் சொல்லிவிட்டு "மத்த மூணு கட்டம் எங்கடா?" என்று கேட்டார்.

ஹட்டியில் பேசியிருக்கிறோம். வரும் திங்கட்கிழமை ஃபேக்டரிக்குப் போய்க் கேட்பதாக முடிவு. சண்டைக்கு இல்லை. நாலு கட்டமும் குறுஞ்செய்தியில் வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறோம். குறுஞ்செய்தியில் இன்னும் மூணு எண் சேர்க்க அவர்களுக்குச் செலவு ஒன்றும் ஆகாது. நான் ஞாயிறு ராத்திரி பஸ் ஏறுகிறேன். சோலூர்மட்டம் அண்ணா, நீங்களும் வாருங்கள். உங்களைப் போல் கேட்கத் தெரிந்த ஆள் எங்களிடம் இல்லை.

#21 சோலூர்மட்டம்

அந்த வாசலுக்கு நான் வருவதில்லை என்று இருந்தேன். சரி, வருகிறேன். எழுதிக் கொடுப்பதில் கழிவு நூற்றுக்கு எத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். மழை நாளுக்கு ஒன்று, வெயில் நாளுக்கு ஒன்று.

#22 ஓய்வுபெற்ற டீமேக்கர்

நானும் வருகிறேன். ஈரக் கழிவுக்கு என்ன அளவு நியாயம் என்று அங்கே இருக்கும் டீமேக்கரிடம் நானே பேசுகிறேன், என்னிடம் வேலை பழகின பையன்தான்.

#23 பேரேடு

திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்கிறது, வர முடியாது. கடிதத்தை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். ரெண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள்.

இன்னொன்று, போகும்போது தராசையும் பாருங்கள். மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒரு தடவை தொழிலாளர் துறையில் மறுமுத்திரை வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். ஏஜென்ட் வண்டியில் இருக்கும் தராசுக்கும் அதே விதிதான். பெரும்பாலும் அங்கேதான் தேதி முடிந்திருக்கும்.